நான் மாற்றிச் சொன்ன மாரிப் அணை

இன்று தேவாலயத்துக் காலைப் பூசையில் சுவாமியார் தூபக்கலசத்தை ஆட்டியபடி என் பக்கத்தால் நடந்துபோனார். குந்திரிக்கப் புகை முகத்தில் பட்டதும் உன் குரல் கேட்டது. "மச்சாள், உங்கட கோயில் வாசம் அரபிக்காரர் ஒட்டகத்தில ஏத்திக்கொண்டு வந்ததாக்கும், தெரியுமே?" சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

நீ கண்ணை மூடி ஏழு மாதம். என் பிள்ளைகள் ரொறன்ரோவில். கிழமைக்கொருமுறை தொலைபேசியில், "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்பார்கள். மற்ற நாட்களில், பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், நான் வாய் திறப்பது கடைக்காரனுக்கு "மெர்சி" என்று நன்றி சொல்ல மட்டும்தான்.

மன்னாரில் நாம் சிநேகிதிகள் அல்ல, ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டு அயலவர்கள். நடுவில் ஒரு கிடுகு வேலி. நீ கைக்குழந்தைக்காரி, நான் கலியாணம் பேசிக்கொண்டிருந்த பெட்டை. வேலிக்கு மேலால் கறிவேப்பிலை கொடுத்து வாங்கியிருப்போம், அவ்வளவுதான். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டும். நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாய். அங்கிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு. நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

பத்து வருடம் கழித்து, இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், டெப்பனேர் என்ற மூலைக்கடையில் பால் எடுக்கக் குனிந்தபோது, "நீங்க மன்னாரே?" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் நீ. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாய் என்று பயந்தேன். நீயோ என் கையைப் பிடித்து, பால்போத்தல் நழுவ நழுவ, அழுதாய். "எங்கட ஒழுங்கையில இருந்த ஒராளைக் கண்டிட்டன்" என்று கடைக்காரனுக்குத் தமிழிலேயே சொன்னாய்.

பிறகு வில்லரேயில் பிரெஞ்சு வகுப்புக்கு ஒன்றாகப் போனோம். நான் வேலைக்காகப் படித்தேன். நீ வாசிப்பதற்காகப் படித்தாய். நூலகத்தில் அரபியரின் பழைய வரலாற்றைப் படம்போட்டுச் சொல்லும் புத்தகங்களை எடுத்து, அகராதியோடு ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவி வாசித்தாய். "நீ என்ன அரபியே?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனா எங்கட ஊருக்கு முத்து வாங்க வந்தவை, குதிரை கொண்டந்தவை, அங்க நிக்கிற அந்தக் கிழட்டுப் பெருக்க மரத்தை நட்டவை ஆரெண்டு எனக்குத் தெரியவேணும். போ போ எண்டு சொன்னவைக்கு நாங்கள் எப்ப வந்தனாங்கள் எண்டு தெரியேல்லைத்தானே."

ஆளுக்கொரு வரலாற்றுக் கதை சொல்லச் சொல்லி ஆசிரியை கேட்டது அந்தக் குளிர்காலத்தில்தான். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சில மாதங்கள். பேருந்தில் உன் முக்காட்டைப் பார்த்து ஆட்கள் தள்ளி இருந்த காலம். "வேற கதை சொல்லன், இப்ப ஏன் அரபுக் கதை?" என்றேன்.

"இப்பத்தான் சொல்லவேணும்" என்றாய்.

கரும்பலகையில் ஒரு மலை, மறுபக்கம் ஒரு மலை, நடுவில் ஒரு நீண்ட கோடு கீறினாய். மாரிப் அணை. யேமனில், சபா நாட்டில், ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்ற அணை. இருபுறமும் தோட்டம். குந்திரிக்கம் ஏற்றிய ஒட்டகங்கள் அவ்வழியால் வடக்கே போகும். உடைவதும் கட்டுவதுமாக இருந்து, கடைசியில் ஒருநாள் உடைந்தது. கட்ட ஆளில்லை. ஓர் எலி அரித்ததால் உடைந்தது என்று பழைய கதை. குலங்கள் சிரியாவுக்கும் ஈராக்குக்கும் சிதறின. "சபாவின் கைகளைப்போலப் பிரிந்தார்கள்" என்று அரபியர் இன்றும் சொல்வார்களாம். லெபனான்காரி ஒருத்தி, "ஓம், என் பாட்டனும் சொல்வார்" என்று பிரெஞ்சில் கத்தினாள். நீ பூரித்துப் போனாய்.

அந்தப் பூரிப்பில்தான் உன் பிரெஞ்சு நின்றுபோனது. சொல் வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்: "நீ சொல்லு. எங்கட ஊரில தண்ணி வரேல்லை, மனுசர் வந்தவை. உடுத்த உடுப்போட போகச் சொன்னவை. அயலுக்குள்ள இருந்தவை பாத்துக்கொண்டு நிண்டவை. அதையும் சொல்லு."

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. நான் எழுந்து, பிரெஞ்சில் சொன்னேன்: "தண்ணீர் வந்தது. எல்லாரும் போனார்கள். அயலவர்கள் அழுதார்கள்."

அழுதார்கள் என்ற பிரெஞ்சுச் சொல் உனக்குத் தெரியும். முந்தின கிழமைதான் படித்திருந்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். நீ சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாய். திரும்பும் வழியில், பனிக்குள், ஜான்-டலோன் தெரு முழுக்க நீ எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாய். என் வீட்டு வாசலில் நின்று, "நல்லாச் சொன்னாய்" என்றாய்.

ஆனாலும் அடுத்த கிழமையும் வந்தாய். பல மாதம் கழித்து, என் குசினியில் சந்தையில் வாங்கிய போஞ்சியை முறித்தபடி வேறொரு கதை சொன்னாய். பக்தாத்தில் கிரேக்க வைத்திய நூல்களை மொழிபெயர்த்த ஒருவன். இருபது வயதில் பிழையான பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு செய்த வேலையை, நாற்பது வயதில் நல்ல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, திரும்பவும் செய்தானாம். "கலீபாவுக்கு வேலை செய்தாலும் அந்தாள் உங்களைப்போல வேதக்காரன், கிறிஸ்தவன்தான்" என்றாய். எனக்குத்தான் சொல்கிறாய் என்று விளங்கியது. "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் கிழமைகளில்தான் எனக்குத் துணிவு வந்தது, அதுவும் பாதி. "அண்டைக்கு ஊரை விட்டுப் போகேக்க உன்ர உம்மா ஒழுங்கையில நிண்டு என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவா. நான் வரேல்லை. என்னத்துக்குக் கூப்பிட்டவா?" என்று கேட்டேன்.

நீ லேசாகச் சிரித்தாய். "அதுவா? கோழிக்கூட்டைத் திறந்துவிடச் சொல்லத்தான். அவசர அந்தரத்தில பூட்டினபடியே வந்திட்டம். உம்மா சாகும்வரைக்கும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதவா. நீங்கள் ஆரும் திறந்து விட்டிருப்பியள்தானே?"

தாதி ஊசியோடு வந்தாள். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன்.

உன் நாற்பதாம் நாள் கத்தத்துக்குக் குர்ஆன் ஓதி முடிந்து எல்லாரும் போனபின், அன்று நீ இடுப்பில் சுமந்துபோன உன் மகள் என்னைப் போகவிடவில்லை. அவளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வருவது பிரெஞ்சுதான். "உம்மா எனக்கு யேமனைப் பற்றிச் சொன்னார், பக்தாத்தைப் பற்றிச் சொன்னார். எங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்களே மாமி?" என்றாள்.

பிரெஞ்சிலேயே சொன்னேன். தண்ணீர் வரவில்லை என்றேன். மனிதர் வந்தார்கள், எங்கள் ஆட்கள், என்றேன். அயலவர்கள் அழவில்லை, நான் சீலைக்குப் பின்னால் நின்றேன் என்றேன். கோழிகளைப் பற்றியும் சொன்னேன்.

அவள் மேசையில் கிடந்த கோப்பைகளை ஒன்றாக அடுக்கினாள். "இது உம்மாவுக்குத் தெரியுமா?"

"கடைசிப் பாதி, கோழிகளின் கதை, தெரியாது."

"அப்படியென்றால் அதை உம்மாவுக்குத்தான் சொல்லவேண்டும், எனக்கில்லை" என்றாள். வாசல்வரை வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. அதன்பிறகு அவள் என்னை அழைக்கவும் இல்லை. அதில் பிழை சொல்ல எனக்கு இடமில்லை.

அதனால் உனக்கு எழுதுகிறேன். நாங்கள் ஆரும் திறந்துவிடவில்லை. அந்த வீடுகளுக்குள் போகக்கூடாது என்று துவக்குக்காரர் சொல்லியிருந்தார்கள். ஆனால் உங்கள் கோழிக்கூடு வேலியோரம்தான் இருந்தது, ஒரு கிடுகை விலக்கினால் கை எட்டும். மூன்று நாள் அவை கத்தின. நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலை சத்தமில்லை. "ஆரோ திறந்து விட்டிட்டினம்போல" என்று என் அம்மா சொன்னார்.

நான் "ஓம்" என்றேன்.