மார்ஃபின் என்று பெயர் வந்த கதை

மஞ்சக்குட்டை,
ஆகஸ்ட் 1988

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், குவைத் வெயிலில் உனக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. முதுகெலும்பில் இருக்கிற கட்டிக்கு இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், வலிக்கு மார்ஃபின் ஊசி மட்டும் போடுகிறார்கள். இங்கே மழை விடவில்லை, துவைத்த துணி காயவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஜீப்பில் போய் வந்தே என் இடுப்பு விட்டுப்போயிற்று. உன் தம்பி சேகர் வேலைக்குப் போகும்முன் கஞ்சி கொண்டுவந்து தருகிறான்.

போன வாரம் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அப்பா வாசலைப் பார்த்து, "வா கண்ணு, பஸ்ல நொம்பக் கூட்டமா?" என்று சிரித்தார். அங்கே யாரும் இல்லை. "ஏனுங்க, செல்வி குவைத்துல இருக்குதுங்க, ஆரும் வரலீங்க" என்றேன். முகம் அப்படியே வாடிவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதி, அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்கிய ரைட்டர், கஞ்சியைத் தள்ளிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து டாக்டரம்மா தனலட்சுமியிடம் ஓடினேன். அந்தப் பெண்ணுக்கும் உன் வயதுதான் இருக்கும். மருந்தின் பெயரே அப்படித்தான் அம்மா என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கிரேக்கர்கள் கதையில் மார்ஃபியஸ் என்று கனவுத் தேவன் ஒருவன் உண்டாம். தூங்குகிறவர்களிடம் சொந்த முகத்தோடு வரமாட்டானாம், அவர்களுக்கு வேண்டியவர்களின் உருவம், நடை, குரல் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவானாம். அந்த மொழியில் உருவம் என்பதற்குள்ள சொல்லே அவனுக்குப் பெயராம். அபினிலிருந்து இதைப் பிரித்தெடுத்த ஜெர்மன்காரர், தூக்கம் தருகிற மருந்து என்று அவன் பெயரை வைத்தாராம். "மறுத்துப் பேசாதீங்கம்மா, பாக்கறதைப் பாக்கட்டும்" என்றாள். நீ எத்தனையோ பேருக்கு இந்த ஊசி போட்டிருப்பாய், இது உனக்குத் தெரியுமோ என்னவோ.

மறுநாளும் நீ வந்தாய் என்றார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "எளைச்சுப் போயிட்டியே சாமி" என்று அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே கஞ்சி முழுவதையும் குடித்தார்.

கிறிஸ்துமசுக்குத்தான் லீவு என்று எழுதியிருந்தாய். அப்பாவை நினைத்து அழாதே, அவருக்கு நீ வந்துவிட்டாய். எனக்குத்தான் யாரும் ஊசி போடுவதில்லை கண்ணு, நான் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மேலதிகாரியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபம் சொல்லாமல் படுக்காதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
தெரசம்மாள்