அத்தை சொன்ன இரண்டாவது வாக்கியம்

1954 பெப்ரவரி 9, பேராதனை

தண்டனைச் சட்டக்கோவையில் ஒரே வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீள்கிறது. வினைச்சொல்லைத் தேடிப் போகிறேன். அது கிடைக்கும்போது எழுவாய் மறந்துவிடுகிறது. எத்தனை ஆங்கில நாவல் வாசித்திருக்கிறேன்! அவற்றில் ஒருவர்கூட இப்படிப் பேசுவதில்லை.

வகுப்பில் விரிவுரையாளர் என்னைப் பார்த்து, அத்துமீறல் எப்போது குற்றமாகும் என்று கேட்டார். தெரியும். தமிழில் தெரியும். அதை ஆங்கிலத்தில் கட்டி முடிப்பதற்குள் பக்கத்துப் பையன் சொல்லிவிட்டான்.

பெப்ரவரி 10

இன்றும் வாய் திறக்கவில்லை.

பெப்ரவரி 14

பிறர் இடத்தில் போய் இருப்பது மட்டும் குற்றமில்லை. மிரட்டவோ, அவமதிக்கவோ, 'அனாய்' செய்யவோ எண்ணி இருந்தால்தான் குற்றம். 'அனாய்' ஏதோ லத்தீன் என்று நினைத்துச் சட்ட அகராதியெல்லாம் புரட்டினேன். அறைத்தோழி பெற்றீசியா கட்டிலில் விழுந்து சிரித்தாள். "அடியே, அதைப் போயி அங்க தேடுறியா? கினிகத்தேனையில என் தம்பி தெனமும் எனக்குப் பண்றதுதாண்டி அது. எரிச்சல் மூட்டுறது!"

இவ்வளவு சின்னச் சொல்லா? ஒருவருக்கு எரிச்சல் வந்ததற்காக இன்னொருவரைச் சிறையில் போடலாமா?

பெப்ரவரி 20

அப்பாவின் கடிதம். வீரய்யா மாமா போய்விட்டார். அம்மாக்கண்ணு அத்தை இனித் தனி. நோயாளியைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகவில்லை என்று தோட்டத்து வேலைப் பதிவில் அத்தையின் பேரை முன்பே வெட்டிவிட்டார்களாம்.

மார்ச் 21, வீடு

விடுமுறை. வந்த அன்றே கேள்விப்பட்டேன் – அத்தை மீது வழக்கு. அத்துமீறல். நான் படித்த அதே பிரிவு!

பதிவில் பேர் இல்லாதவருக்குத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. மாமா இறந்த மூன்றாம் நாளே காலி செய்யச் சொல்லியிருக்கிறார் தோட்டத்தை நடத்தும் தொரை. உயிர் போன இடத்தில் ஏற்றிய விளக்கைக் கருமாதி வரை அணைக்கவும் கூடாது, வாசல் தாண்டி எடுத்துப் போகவும் கூடாது. அத்தை அசையவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வெளியேறி, ராகலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்குள் பொலிஸில் முறைப்பாடு.

தண்டனை விழுந்தால் எந்தத் தோட்டத்திலும் அவர் பேரைப் பதியமாட்டார்கள்.

அப்பா தோட்டப் பாடசாலை வாத்தியார். மூடிய கதவுக்குள் மெதுவாகச் சொன்னார்: "நீ இதுல தலையிடாத. இந்த வீடும் தொரை குடுத்ததுதான்."

உங்கள் சொந்த அக்கா, அப்பா!

மார்ச் 25

அப்பாவிடம் சொல்லாமல் டவுனுக்குப் போனேன். அத்தை ராகலையிலிருந்து வந்திருந்தார். அவருக்காக வழக்காடும் புரொக்டருக்குத் தமிழ் தெரியாது. அத்தை சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

"எழுதிக்க பாப்பா. விளக்குக்காகத்தான் இருந்தேன்."

எழுதினேன்.

"தொரைக்கு வயிறு எரியட்டும்னும்தான் இருந்தேன். அதையும் போடு."

பேனா நின்றுவிட்டது. "அத்தை, அதைச் சொல்லாதீங்க."

"ஏண்டி? உண்மைதானே?"

"அவருக்கு எரிச்சல் மூட்ட நெனச்சதுதான் குத்தம்."

"எரிச்சல் பட்டவரு நல்லாத்தான் இருக்காரு, குதிரையில போறாரு. புருசனப் பறிகுடுத்தவ குத்தவாளியா? இதுக்கா உன்னைய பேராதனைக்கு அனுப்பினோம்?"

அந்த அரைப் பக்க வாக்கியத்தில் இதற்குப் பதில் கிடையாது. விளக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டிலும் அதை மட்டும் சொல்லும்படி கெஞ்சினேன். "பாப்போம்" என்றார்.

மார்ச் 30

தூக்கம் பிடிக்கவில்லை. மலையைச் சுற்றி நடந்தேன். படித்தேன், மூடினேன். பாதி உண்மையை எழுதுவதற்குத்தான் இந்த ஆங்கிலமா? முழுதும் எழுதியிருந்தால் – அத்தைக்கு வேலை?

ஏப்ரல் 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோர்ட்டில் தொரை முன்வரிசையில் இருந்தார். நீதவான் கேட்டார், ஏன் வெளியேறவில்லை என்று. மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் கேட்டார். அத்தை முக்காட்டைத் தள்ளிவிட்டுத் தொரையைப் பார்த்தே சொன்னார்:

"சாமி, எம்புருசன் விளக்கு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்காக இருந்தேன். இவருக்கு வயிறு எரியட்டும்னும் இருந்தேன்."

முதலியார் ஆங்கிலத்தில், சமயச் சடங்கின் பொருட்டு மட்டுமே குற்றம் சாட்டப்பட்ட எதிரி அங்கே தங்கியிருந்ததாகச் சொன்னார். அழகான வாக்கியம். இரண்டாவதைக் காணோம். 'மட்டுமே' – அது அத்தை சொல்லாதது.

எழுந்து திருத்த நினைத்தேனா? நினைத்தேன். நான் எழவில்லை.

தீய எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதவான் விடுதலை செய்தார்.

திரும்பிப் பார்த்தால் கதவோரத்தில் குடையோடு அப்பா. பாடசாலையில் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வெளியே அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். "பாத்தியாடி! மொகத்துக்கு நேரா சொன்னேன். கோர்ட்டே ஒத்துக்கிச்சு! நீதான் பயந்து செத்த."

அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியும். பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"முதலியார் விட்டத நீயும் கேட்டியா?"

"கேட்டேங்கப்பா."

ஏப்ரல் 17

ராகலையில் அத்தைக்குப் பேர் பதிந்துவிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிற பெண்களுக்கெல்லாம் தினமும் கோர்ட்டுக் கதைதானாம். 'வயிறு எரியட்டும்னு சொன்னேன், விட்டுட்டாங்க' என்று. இன்னொருத்தி அதை நம்பி அப்படியே சொல்லி மாட்டிக்கொண்டால்?

முதலியார் விட்டதை அத்தையிடம் சொல்லிவிட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மே 4, பேராதனை

வகுப்பில் மறுபடி அத்துமீறல். விரிவுரையாளர் என்னைக் கேட்டார். முழுப் பிரிவையும் சொன்னேன், வினைச்சொல் உட்பட. குற்றம் சாட்டப்பட்ட எதிரி தானாகவே தன் எண்ணத்தை ஒப்புக்கொள்வதுண்டா என்று தொடர்ந்து கேட்டார்.

"ஒப்புக்கொள்வதுண்டு, சார். ஆனால் அது நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதில்லை."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பதிலை முதலில் தமிழில் யோசிக்கவில்லை என்பது அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நேரே ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ராகலை போகப் போகிறேன். கோர்ட் ஆங்கிலத்தில் கேட்டது என்ன என்று அத்தைக்குச் சொல்லவேண்டுமானால் இப்போது நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

எவ்வளவை விடுவேன்?