அப்பாவின் மேடை

ஸ்ரீரங்கம்,
ஜனவரி 1962

என் செல்ல மகளுக்கு,

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உன் மாமியாரிடம் சொல்லிவிட்டு, வையம்பட்டியிலிருந்து உடனே பஸ் ஏறு. அது பொய்யும் அல்ல. மூளை தேய்ந்துகொண்டு வருகிறது, இனி எம்.எல்.ஏ. பதவிக்கு லாயக்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் வாயை அடைத்துவிட்டு, அப்பாவை மனுத் தாக்கல் செய்ய வைத்தேன். இரண்டு வருடமாக நான் காட்டிய இடத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார். தொகுதியில் யாருக்கு என்ன குறை வந்துவிட்டது?

நேற்றுக் கூட்டத்தில்தான் மானம் போயிற்று. பேச்சை நடுவில் நிறுத்தி, "எங்க மாப்பிள்ளை எங்கங்க? மேடைக்குக் கூப்பிடுங்க" என்றார்.

"அவரு செத்து மூணு மாசம் ஆச்சுங்களே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல மேடையிலேயே உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி அழுதார். எதிர்க்கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள்.

வீட்டில் சாப்பிடும்போதே மறந்துவிட்டார். "மாப்பிள்ளை எப்ப வராரு?" என்றார்.

"நம்ம பொண்ணோட நாளைக்கு வராருங்க" என்றேன். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

இனி எல்லாக் கூட்டத்திலும் நீ அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்டால், "அவர் பம்பாய் போயிருக்கார்ப்பா" என்று சிரித்தபடி சொல். வெள்ளைப் புடவையைப் பார்த்தால் உடைந்துவிடுவார். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொள். பூ நான் வாங்கி வைக்கிறேன். ஊர் பேசத்தான் செய்யும். பெண்கள் பரிதாபப்பட்டால் நாலு ஓட்டுக் கூடுதலாகவே விழும்.

குங்குமத்தை ஓட்டுப்போட்ட மறுநாள் அழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா