கல்யாணத் தொப்பி

மோகனூர்,
வைகாசி 29

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் படிக்கட்டைக் கண்டால் வந்துவிடுகிறது, மற்றபடி குறை இல்லை. அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிரெண்டனும் அவர் வீட்டாரும் நல்லபடியாக இருக்க நாவலடிக் கருப்பண்ணசாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். வாராவாரம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாச்சு என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். என் மனசில் நாலு மாதமாகக் கிடப்பதை எல்லாம் எழுதப்போகிறேன், கோபமாக இருந்தால் கோபமாகவே படித்துக்கொள் சாமி.

முதலில் அந்தத் தொப்பி. உன்கூட வேலை பார்க்கும் ஜோதி லீவில் ஈரோட்டுக்கு வந்தபோது கொடுத்தனுப்பினாயே, வட்டப் பெட்டியில் வெள்ளையாக, முறம் மாதிரி விளிம்பு வைத்து, அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு ஜடை வைப்பவள். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் எத்தனை மண்டபம், எத்தனை பெண்கள். குட்டை முடிக்குச் சவுரி வைத்து, பில்லை வைத்து, குஞ்சம் கட்டி, பட்டுப்புடவை நிறத்துக்குத் துணிப்பூ தேடித் தைத்து அனுப்பியிருக்கிறேன். பெற்ற மகளுக்கு ஒரு ஜடை வைக்க வேண்டும் என்று நீ பத்தாவது படிக்கும்போதே சிவப்புக் கல் பில்லை ஒரு செட் எடுத்து வைத்தவள். நீ என்னடா என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் முடியைக் காதுக்கு மேலே வெட்டிவிட்டு, வீடியோவில் சிரித்துக்கொண்டே இங்கே கல்யாணத்துக்குத் தொப்பி வைப்பார்கள், ரிப்பனும் பூவும் உங்கள் கையால் வைத்துக் கொடுங்கள் என்கிறாய். சரி, உன் தலை, உன் முடி. என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா.

அதுகூட எனக்குப் பெரிதில்லை. தையில் நானும் அப்பாவும் சேர்ந்துதானே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டோம். எனக்கு மாசியிலேயே வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஆதாரில் ஒரு பிறந்த வருஷம், லைசென்ஸில் ஒரு வருஷம், பள்ளிக்கூடச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று. அதைத் திருத்த அலைந்து அலைந்து இன்னும் முடியவில்லை, உன் கல்யாணத்துக்குள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா வர முடியலீன்னா நீங்க தனியா வந்து சிரமப்பட வேண்டாமுங்கம்மா, தொப்பிய மட்டும் அனுப்பி வுட்டுருங்க, போதும்" என்றாய். நீ என் நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் நான் போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் பக்கத்தில் நின்று அலங்காரம் செய்தவளிடம், சொந்தப் பெண்ணுக்குப் பார்சல் போட்டால் போதும் என்றால் எப்படி இருக்கும் சொல்.

அந்த ஆத்திரத்தோடுதான் தொப்பியைக் கையில் எடுத்தேன், அதனாலோ என்னவோ ஒன்றும் சரிப்படவில்லை. வெள்ளையும் இளம் ஊதாவும் தவிர வேறு நிறம் கூடாது என்று நீ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். கல்யாணத்துக்கு வெள்ளையா என்று எனக்கு ஆறவே இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஃபேன்ஸி கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். இளம் ஊதா கேட்டால் கத்திரிக்காய் நிறத்தை எடுத்துப் போடுகிறார்கள். ஒரு கடைக்காரப் பெண், "எந்த ஸ்கூல் ஆண்டு விழாவுங்க அக்கா, தொப்பி டான்ஸா?" என்று கேட்டாள். என் பெண் கல்யாணத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ரிப்பனாவது சொன்னபடி கேட்டதா? ஜடை நேராகத் தொங்கும், ரிப்பனைச் சுற்றினால் சுற்றியபடி நிற்கும். தொப்பி எல்லாப் பக்கமும் வளைவு. அடியில் இழுத்துப் பிடித்தால் மேல் ஓரம் வாயைப் பிளக்கிறது, மேலே பிடித்தால் கீழே தொங்குகிறது. மூன்று தரம் பிரித்தேன், சாட்டின் ரிப்பன் முழுக்க ஊசித் தடம். கடைசியில் ஒரு ஓரத்தில் மட்டும் நூலோட்டிச் சுருக்கி இழுத்த பிறகுதான் வளைவுக்குப் படிந்தது. பூ ஒட்டுவதற்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை வைத்தேன் பார், ஒரே நொடி, விளிம்பில் மிளகு அளவுக்கு ஓட்டை. சுட்டது தொப்பியை, துடித்தது நான். பிறகு பசையே வேண்டாம் என்று எல்லாப் பூவையும் ஊசியில்தான் தைத்தேன். தைத்து நிமிர்த்தினால் பூவின் கனத்துக்குத் தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. எனக்கு வந்த எரிச்சலில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்று நாள் திரும்பிப் பார்க்கவில்லை. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொப்பி முடிந்ததா என்று கேட்டபோதெல்லாம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னது பொய்.

குறை எங்கே என்று பிறகுதான் புரிந்தது. பூ எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பார்க்கத் தலை வேண்டும். வெறும் தொப்பியைக் குடத்தின்மேல் கவிழ்த்து வைத்துத் தைத்தால் குடத்துக்குத்தான் அழகாக இருக்கும். என் கொண்டைக்கு மேல் அது உட்காரவில்லை. உனக்கு உன் அப்பாவின் தலைதான், அதே அகல நெற்றி, இப்போது முடியும் கிட்டத்தட்ட அதே அளவு. சித்திரையில் ஒரு நாள் காலையில் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். எதற்கு என்று சொன்னதும் எழுந்தார், நான் விடவில்லை. "ஏனுங்க, உங்க புள்ளைக்குத்தானுங்க, அரை மணி நேரம் ஆடாம உக்காருங்க" என்றேன். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், அந்த மீசையோடு தலையில் வெள்ளைத் தொப்பியும் ஊதாப் பூவுமாக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு முத்தாயம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணா, பொண்ணு வூட்டுக்காரரு இப்பவே கெளம்பீட்டீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் பின்னால் நின்று பூவைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பாமலே, "இத்தன பூவையும் வெச்சுத் தெச்சு இத எப்புடிப் பார்சல்ல அனுப்புவ? அடியில போட்டு அமுக்கிப்புடுவானுங்க" என்றார். அமுங்கினால் அமுங்கட்டும், வேறு என்ன வழி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. மாசியில் நான் தனியாகப் போகட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டபோது, வழி தெரியாத ஊரில் போய் எங்கே நிற்பாய் என்று கத்தியவர் இவர்தான். நீங்கள் மட்டும் அஸ்ஸாமுக்குத் தனியாகப் போகவில்லையா என்று நான் கேட்டதற்கு, எனக்குக் கிளீனர் இருந்தான் என்று பதில் சொன்னவர். அதே மனுஷன் இப்போது, "என்னால வர முடியலீன்னு உன்னையும் புடிச்சு வெச்சா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கறா? என்ற தேதி தப்பாப் போச்சு, உன்றது சரியாத்தான இருக்குது" என்றார். நான் தைத்து முடிக்கும் வரைக்கும் தொப்பியைக் கழற்றவே இல்லை.

அதனால் சொல்கிறேன் கண்ணு, பார்சல் வரும் என்று எதிர்பார்க்காதே, வராது. நான் வருகிறேன். நீ மாசியில் எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்பிய அழைப்புக் காகிதங்களை வைத்து, நாமக்கல்லில் டிராவல்ஸ் கடை நடத்தும் மதன் எனக்கு மட்டும் விசாவுக்கு எழுதிக் கொடுத்தார். சென்னைக்கு அப்பாவே கூட்டிப்போய் விரல் ரேகை வைக்கச் செய்து கூட்டிவந்தார். விசா போன வாரம் கைக்கு வந்தது. கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால் டப்ளினில் இறங்குகிறேன், நாளும் நேரமும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் வேண்டாம்மா வேண்டாம்மா என்று தடுத்திருப்பாய், எனக்கும் தைரியம் போயிருக்கும். கோபித்துக்கொள்வதாக இருந்தால் நான் வந்த பிறகு நேரில் கோபித்துக்கொள். விமான நிலையத்துக்கு நீயே வா, மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதே. அவர் நல்ல பிள்ளைதான், ஆனால் அவர் பேசுவது எனக்குப் புரிய இரண்டு நாளாவது ஆகும். தொப்பி மடியில் வைத்தபடிதான் வரும். இடது பக்கத்தில் மூன்று பூ மட்டும் இன்னும் தைக்கவில்லை, அது உன் முகத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தொப்பியின் உள்பட்டியில் மஞ்சள் ரிப்பன் ஒரு துண்டு தைத்திருக்கிறேன். வெளியே தெரியாது, பிரித்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்காதே. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆதரவாக, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே காலை பதினொரு மணிக்குக் கல்யாணம் என்றால் இங்கே மூன்றரை. அப்பாவுக்குக் கட்டாயம் வீடியோ போடு. எனக்கு எதற்கு அதெல்லாம் என்பார், நம்பாதே. புது வேட்டி சட்டை எடுத்து, சலவைக்குக் கொடுத்து வாங்கி, பீரோவில் தனியாக வைத்திருக்கிறார். அவர் எடுக்காவிட்டால் எடுக்கும் வரைக்கும் கூப்பிடு.

உன் வரவேற்பை எதிர்பார்க்கும் அம்மா,
கு. செல்லியம்மாள்