குலுங்காத வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையிலிருந்தே காற்று. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் நுழைய முடியாத கூட்டம். மருந்துக் கடைக்குச் சுற்றிக்கொண்டு போய் வந்தேன். அதற்குள் அடுப்பில் பால் திரிந்துவிட்டது.

இவர் இன்று கொஞ்சம் சாப்பிட்டார். பாதி இட்லி. தண்ணீர் குடித்துவிட்டு, "வையம்பட்டிக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா கலா? நம்ம வண்டியில."

வையம்பட்டி தாண்டி ஒரு பாறைக்காடு. ஞாயிறு ஆனால் நண்பர்களோடு பிக்கப்பை அங்கே ஏற்றி இறக்குவதுதான் இவருக்கு விளையாட்டு. நான் போனதில்லை. அந்த வண்டிக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி.

டாக்டருக்கு போன். புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது, எலும்பெல்லாம் அப்பளம் மாதிரி. "கூட்டிட்டுப் போங்கம்மா. இப்ப விட்டா அப்புறம் முடியாது. ஆனா குலுங்கக் கூடாது."

குலுங்காமல் அந்த வண்டியா? பாறை ஏற வேண்டுமென்று ஒரு சாண் உயரம் தூக்கி, பின்னால் கூடுதலாக ஸ்பிரிங் பட்டைகள் போட்டு, கல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். இவரால் இப்போது அதில் ஏறக்கூட முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்கூலுக்கு லீவ் போட்டேன். தங்கச்சியை இவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வண்டியை நானே காட்டூர் வரை ஓட்டினேன். காவிரிப் பாலத்தில் பின்னால் ஒரே ஹாரன்.

பஷீர் பாய் பட்டறை. பாய் இவருக்கு மெக்கானிக், அதைவிடக் கூட்டாளி. வண்டியைத் தூக்கியதே இரண்டு பேரும் சேர்ந்துதான்.

"எல்லாத்தையும் எறக்கிடுங்க பாய். மெத்துன்னு போகணும்."

பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "இந்தப் பட்டையெல்லாம் சேகர் சாரே வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு முடுக்குனதும்மா. நான் கழட்டணுமா?"

"அவருதான் கழட்டச் சொன்னாரு."

பொய். இவரிடம் இன்னும் சொல்லவே இல்லை.

சாயங்காலம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாம்பார் சூடு பண்ணினேன். துணி மடித்தேன். பிறகு மெதுவாக, "எத்தன பட்டை எடுத்தாரு?"

"ரெண்டுங்க."

"பத்தாது. இன்னொண்ணு எடுக்கச் சொல்லு."

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். பட்டறையில் உட்கார இடமில்லை, எல்லா இடத்திலும் கிரீஸ். உயரம் குறைந்துவிட்டது. மூன்று பட்டை வெளியே. மெத்தென்ற ஷாக் அப்சார்பர் உள்ளே.

"ஓட்டிப் பாத்துடலாம்மா" என்றார் பாய்.

முன் சீட்டை முழுக்கச் சாய்த்து, இவர் தலையணையை வைத்து, நானே படுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இது என் முதுகு இல்லை, இவர் முதுகு என்று நினைத்துக்கொண்டேன். இருக்கிறதிலேயே மோசமான தெருவாகப் பார்த்து விடச் சொன்னேன். சின்னக் குழிகள் தெரியவே இல்லை. பெரிய குழி ஒன்றில் பின்னால் 'டங்' என்று இடித்தது. இடுப்பிலிருந்து பிடரி வரை ஏறியது. நல்ல முதுகு எனக்கு. எனக்கே இப்படி.

அழுதுவிட்டேன். பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீ வாங்கப் போனார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

இவருக்கு போன் போட்டோம். சத்தம் கேட்க, போனைப் பின் சக்கரத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து போனை வெளியே நீட்டினேன். பாய் ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றினார். டங்.

"பட்டை மொத்தமா உக்காந்து ரப்பர்ல இடிக்குது. நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஒண்ணத் திருப்பி மாட்டச் சொல்லு. டயர்ல காத்தக் கொற. பாய்! கேக்குதா?"

பழைய குரல். அதிகாரமான குரல். எத்தனை நாளாயிற்று.

திரும்ப மாட்டி, திரும்பப் படுத்துப் பார்த்தேன். ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப இனிமே அது பாறை ஏறாது" என்றார்.

"ஏறாதுங்க."

"சரி."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். எடுத்துக்கொண்டது: மாத்திரை, வாந்தி எடுக்க பக்கெட், ஃபிளாஸ்க், ஈரத்துண்டு. பாய் ஓட்டினார். இவர் முன் சீட்டில் சாய்ந்து. நான் பின் சீட்டிலிருந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டே.

மணப்பாறையில் முறுக்கு கேட்டார். கடிக்க முடியவில்லை. ஒரு துண்டை வாயில் ஊற வைத்துக்கொண்டார்.

வையம்பட்டி தாண்டி மண் பாதை. பாறைக்காட்டு வாசலிலேயே வண்டியின் அடி உரசியது.

"இதுக்கு மேல தட்டும் சார்."

"நிறுத்துங்க பாய். போதும்." கை தூக்க முடியாமல் கண்ணாலேயே காட்டினார். "அந்தா, யானை முதுகு மாதிரி இருக்கே. அது மேல ஏத்தி நிறுத்துவேன்."

"அங்கேருந்து என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது. பொட்டக்காடு. ஆனா வண்டி நிக்கும்."

சிரித்தார். பாய் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வெயில் ஏறும்வரை இருந்தோம். ஒரு ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது இவர், "வலிக்கவே இல்ல கலா. வழி பூரா வலிக்கல."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காய்ச்சல். கஞ்சி உள்ளே போகவில்லை. மதியம் ஆஸ்பத்திரி. தங்கச்சி வீட்டைப் பூட்டினாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் போய்விட்டார். என் பெயரைச் சொல்ல வந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வேனில் கொண்டு வந்தோம். நான் பக்கத்தில். சாலை முழுக்க ஒட்டு, பள்ளம். ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "மெதுவா தம்பி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் ஏறும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, இனிமே அவருக்கு வலிக்காதும்மா."

"தெரியும்ப்பா. மெதுவாவே போ."