நாலு பிடி

தார்ன்ராய்ட்,
30 அக்டோபர் 1966

அன்புத் தங்கை வின்னிக்கு,

நீ நலமாக இருப்பாய். நான் கோபமாக இருக்கிறேன். ஆல்டன்பரோ கிளப்பின் தலைவர் என்ற முறையில் உன் வீட்டுக்காரர் கை தூக்கி ஆதரித்த புது விதி வந்துவிட்டது. இத்தனை காலம் ரக்பி லீக்கில் பந்து யாரிடம் இருக்கிறதோ, அவர்களாகத் தவறவிடும்வரை வைத்துக்கொள்ளலாம். எங்கள் சுரங்கக்காரர்கள் கனத்த ஆட்கள். பிடித்து வீழ்த்தினால் எழுந்து இன்னும் ஓரடி முன்னே போவார்கள். உங்கள் ஓட்டக்காரப் பையன்கள் பந்தைத் தொடாமலே குளிரில் நடுங்குவார்கள். காசில்லாத கிளப்புக்கு அது ஒன்றுதான் பலம்.

இனி நாலு முறை பிடிபட்டால் ஆட்டம் நின்று ஸ்க்ரம். இரு பக்கத்துத் தடியர்களும் தோளைப் பூட்டிக்கொண்டு முட்ட, நடுவில் உருளும் பந்தைக் காலால் இழுப்பவனுக்கே பந்து. சனிக்கிழமை நம் சேத் எண்ண மறந்து ஐந்தாவது முறையும் ஆடப் போய் நடுவர் விசில் ஊதினார். "நான் என்னய்யா தப்பு பண்ணேன்?" என்று கேட்டபடியே நின்றான், பாவம். படுதோல்வி. இப்படியே போனால் இந்தப் பருவத்தோடு கிளப்பை மூட வேண்டியதுதான் என்கிறது கமிட்டி. பயிற்சியாளன் நான் இருக்கும்வரை மூட விடமாட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

உன் அண்ணன்,
ஈனாக்

ஆல்டன்பரோ,
6 நவம்பர் 1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் கை சுட்டது. அண்ணி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

இவரிடம் சொன்னேன். "உங்கண்ணன் ஆட்டத்தைப் பாக்க வர்றவன் தூங்கிடறான், வின்னி. ஆட்டம் ஓடணும். ஓடினா சின்ன கிளப்புக்கும்தான் கூட்டம் வரும்," என்றார். மனதார நம்பித்தான் சொல்கிறார் அண்ணா. அவர் கெட்டவர் இல்லை.

நேற்றைய தீமூட்டு விழாவுக்குச் செய்த இஞ்சிக் கேக் அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடாவது தின்றுவிடு.

உன் வின்னி

தார்ன்ராய்ட்,
8 ஜனவரி 1967

அன்பு வின்னிக்கு,

அண்ணி சுகம். கேக் தீர்ந்தது. கோபம் தீரவில்லை, ஆனால் சிரிப்பு வந்திருக்கிறது.

நம் லூக் டார்டாஃப் தாழ்ந்த சுரங்கச் சந்தில் ஒருக்களித்துப் படுத்துக் காலாலேயே கரியைத் தள்ளுகிறவன். அவனை ஸ்க்ரம்மின் நடுவே நிறுத்தினேன். நாலு பிடி, ஸ்க்ரம், பந்து எங்களுக்கு. மறுபடி நாலு பிடி, மறுபடி ஸ்க்ரம், மறுபடியும் எங்களுக்கே. "அவங்க போட்ட விதிதானே, நாம ஒண்ணும் மீறலையே!" என்று சேத் குதிக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நாங்கள் தோற்கவேயில்லை.

கோப்பைப் போட்டியில் உங்கள் ஆல்டன்பரோவே எங்கள் மைதானத்துக்கு வருகிறது. ஜெயித்தால் அடுத்த சுற்று வசூலில் கிளப் பிழைத்துக்கொள்ளும். மாப்பிள்ளையைக் கனமான கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொல்.

ஈனாக்

ஆல்டன்பரோ,
20 ஜனவரி 1967

அண்ணா,

சொல்லக் கூடாது என்றார் இவர். சொல்கிறேன். லூக்கை எங்கள் கிளப்புக்கு வாங்க நேற்று அவன் வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது. என் பெயர் வெளியே வர வேண்டாம். இரண்டு பக்கமும் என் மனுஷர்கள், நான் எங்கே போவேன்?

வின்னி

தார்ன்ராய்ட்,
29 ஜனவரி 1967

அன்பு வின்னிக்கு,

லூக் போய்விட்டான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றான். "அண்ணே, வீடு தர்றாங்க. சுரங்கத்துக்குள்ள இனி இறங்க வேணாம். என் பொண்டாட்டி வேற மாசமா இருக்கா," என்றான். திட்ட வாயைத் திறந்தேன், அவன் இருமினான். "போடா, போய் நல்ல காத்தைக் குடி," என்று அனுப்பிவிட்டேன்.

அவன்மேல் வருத்தமில்லை. விதியை மாற்றினார்கள், அதற்குள்ளேயே ஜெயித்துக் காட்டினோம். இப்போது ஆளையே எடுத்துக்கொண்டார்கள். எடுக்கட்டும். லூக்கின் இடத்தில் சேத் நிற்பான். அவன் கால் மரக்கட்டை மாதிரிதான், ஆனாலும் நிற்பான். ஆடாமல் மட்டும் இருக்கமாட்டோம்.

நீ உன் புருஷன் பக்கத்திலேயே உட்கார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஈனாக்

ஆல்டன்பரோ,
3 பிப்ரவரி 1967, வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளைக் காலைத் தபாலில் இது உன் கைக்கு வரும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன், "லூக் நாளன்னைக்கு நம்ம பக்கம் ஆடுவானா?" என்று. இவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "அவன் எதுக்கு ஆடணும்? நமக்குத்தான் அந்த இடத்துக்கு ஆள் இருக்கே. பெஞ்சுல உக்காருவான். உங்கண்ணன்கிட்ட இல்லாம இருந்தா போதும்."

ஆட்டம் நன்றாக இருக்கவே எல்லாம் என்று இத்தனை நாள் உன்னிடம் இவருக்காக வாதாடினேனே, வெட்கமாக இருக்கிறது. எழுந்து நின்று அவரிடமே சொன்னேன்: "அப்போ ஆட்டத்துக்காகவா அவனை வாங்கினீங்க? எங்க ஊரைச் சாய்க்கத்தானே வாங்கினீங்க." ஆட்டத்தன்று உன் பக்கம் போய் உட்கார்ந்தால் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம் என்றார். சரி என்றேன்.

நாளை சுரங்கப் பக்கத்து மேட்டில், சேத்தின் மனைவியோடு நிற்பேன். தொண்டை கிழியக் கத்துவேன். கையில் பெட்டி இருக்கும். ஆட்டம் முடிந்ததும் நேரே உன் வீட்டுக்குத்தான், ஜெயித்தாலும் தோற்றாலும்.

அண்ணியிடம் சொல்லிவிடு, மாடி அறையில் கணப்பு மூட்டி வைக்கட்டும்.

உன் தங்கை,
வின்னி