கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? தைலம் தேய்க்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். சளிதான் விடமாட்டேன் என்கிறது.

போன வருடம் நீ வந்து, நான் வேலை பார்க்கும் சுற்றுலாக் கோபுரத்துக்குப் போனபோது, "மேல ஏற அறுநூறு படிம்மா, உன் முட்டி தாங்காது" என்றேன். நீயும் நம்பி, கீழே பெஞ்சில் உட்கார்ந்தே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாய். நான் சொன்னது பொய். லிஃப்ட் இருக்கிறது. எனக்கு அங்கே ஆபீஸ் வேலையும் இல்லையம்மா. மேல்தளத்தில் கண்ணாடி துடைக்கிறேன். உன்னை மேலே அழைத்துப் போனால், என்னோடு வேலை செய்பவர்கள் உளறிவிடுவார்கள் என்று பயந்தேன்.

நேற்று உன் வயதில் ஓர் அம்மா மேலே வந்து, நான் துடைத்த கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். "உங்க அம்மா இதப் பாத்திருக்காங்களாப்பா?" என்று கேட்டார்.

"ஓ, பாத்துட்டாங்களே!" என்றேன். அப்புறம் ஒரே கண்ணாடியை நான்கு தடவை துடைத்ததற்குச் சூப்பர்வைசர் சத்தம் போட்டார். பெரிதாக ஒன்றுமில்லை.

மறுபடியும் வா அம்மா. காலை ஒன்பதுக்கே போய்விட்டால் மேற்கு வாசலில் வரிசை இருக்காது. மேலே திறந்த வெளிமாடத்தில் காற்று ஆளைத் தள்ளும், மப்ளர் எடுத்துக்கொள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குமுன் யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. கண்ணாடி துடைக்க இல்லை, போர்த்திக்கொள்ளத்தான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. திட்டுவதென்றால் போன் செய்து திட்டு, உன் குரலையாவது கேட்பேன்.

உன் மகன்